கையெழுத்துப் போடாத கவர்னர்... கொடும்பாவி எரித்த கூட்டம்! கனடாவின் நிலக்கரி கோடீஸ்வரர் ஜேம்ஸ் டன்ஸ்மியூரின் கதை

எக்ஸ்-மென் படங்கள்ல பேராசிரியர் சேவியர் நடத்துற ஸ்கூல் ஞாபகம் இருக்கா? பச்சைப் புல்வெளி, நடுவில் கோபுரம் வெச்ச கல் மாளிகை. அதே மாளிகைதான் 'ஸ்மால்வில்' தொடரில் லெக்ஸ் லூதரின் வீடு. 'ஆரோ' தொடரில் ஆலிவர் குவீனின் வீடு. 'டெட்பூல்' படத்திலும் வந்து போகும்.

அது செட் இல்லை. கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில், விக்டோரியா நகரத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே நிற்கும் ஹாட்லி கோட்டை. அதைக் கட்டியவர் ஜேம்ஸ் டன்ஸ்மியூர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பிரீமியராக, அதாவது முதலமைச்சராக இருந்தவர். பிறகு அதே மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர். அந்தக் காலத்தில் அந்த மாகாணத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர்.

இவ்வளவும் இருந்தும், 1907 செப்டம்பர் 7, சனிக்கிழமை இரவு வான்கூவரில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். காரணம், ஒரு கையெழுத்து. அவர் போட்டது இல்லை... போட மறுத்தது!

நியாயமா பார்த்தா, அந்தக் கையெழுத்தைப் போடாததுதான் சரி. அப்புறம் ஏன் அவர் ஹீரோ ஆகலை? அதுக்கு அவர் பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கணும்.

நடுவழியில் பிறந்த பிள்ளை

ஜேம்ஸின் அப்பா ராபர்ட் டன்ஸ்மியூர், ஸ்காட்லாந்தில் அயர்ஷயர் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஹட்சன்ஸ் பே கம்பெனி, வான்கூவர் தீவில் நிலக்கரி வெட்ட ஆள் எடுத்தது. 1850 டிசம்பரில் மனைவி ஜோன், இரண்டு பெண் குழந்தைகளோடு ராபர்ட் கப்பல் ஏறினார். தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பசிபிக் கரைக்கு வர அரை வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஜோன் அப்போ கர்ப்பிணி. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், இன்றைக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஃபோர்ட் வான்கூவரில், 1851 ஜூலை 8-ம் தேதி ஜேம்ஸ் பிறந்தார்.

ஒப்பந்தம் முடிஞ்சதும் பலர் ஊர் திரும்ப, ராபர்ட் மட்டும் நனைமோ பக்கத்திலேயே தங்கிட்டார். தீவுக்கு வந்து கிட்டத்தட்ட 18 வருஷம் கழிச்சு, 1869-ல் அதிர்ஷ்டம் அடித்தது. காட்டில் ஒரு மரத்தின் வேரடியில் நிலக்கரி தட்டுப்பட்டதாகச் சொல்வார்கள். தடிமனான, தரமான நிலக்கரிப் படிவம் அது. வெலிங்டன் சுரங்கம் அங்கேதான் ஆரம்பிச்சது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் சிலர் முதலீடு போட, கடற்படைக் கப்பல்களும் சான் ஃபிரான்சிஸ்கோ நகரமும் வாடிக்கையாளர்கள் ஆக, கூலித் தொழிலாளி சில வருஷங்களிலேயே முதலாளி ஆனார்.

ஜேம்ஸ் அந்தச் சுரங்க ஊரிலேயே வளர்ந்த பையன். மெஷின் வேலை கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கல்லூரிக்குப் போனார். அங்கேதான் லாரா சர்ல்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்து, 1876-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டார். திரும்பி வந்ததும் நேராகச் சுரங்க மேனேஜர் வேலை. அடுத்த வருஷமே அங்கே பெரிய வேலைநிறுத்தம். கூலி கேட்டு நின்ற தொழிலாளர்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து காலி செய்ய வைக்க, அரசாங்கம் ராணுவப் படையை அனுப்பியது. நிர்வாகம் என்றால் என்ன என்பதற்கு 25 வயது ஜேம்ஸுக்குக் கிடைச்ச முதல் பாடம் இதுதான்.

ரயில் ஓடியது... நிலமும் வந்தது

1883-ல் ராபர்ட் இன்னும் பெரிய டீல் ஒன்றை முடித்தார். எஸ்குவைமால்ட் முதல் நனைமோ வரை ரயில் பாதை போட்டுக்கொடுத்தால், அரசாங்கம் 7,50,000 டாலர் ரொக்கமும் கிட்டத்தட்ட 20 லட்சம் ஏக்கர் நிலமும் தரும். நிலம் மட்டும் வான்கூவர் தீவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! அடியில் இருந்த நிலக்கரி, மேலே இருந்த காடு, எல்லாம் சேர்த்துத்தான். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1886 ஆகஸ்டில் கடைசி ஆணியை அடிக்க, கனடாவின் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டே வந்தார்.

ஊருக்கே தெரியணும் என்று விக்டோரியாவின் மேட்டில் கிரெய்க்டாரக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார் ராபர்ட். அது முடிவதற்குள், 1889 ஏப்ரலில் இறந்துபோனார்.

உயிலில் இல்லாத பெயர்

ராபர்ட், ஜோன் தம்பதிக்கு எட்டு பெண்கள், இரண்டு பையன்கள். தொழிலை ஓட்டியது பையன்கள்தான். ஜேம்ஸ் சுரங்கத்தைப் பார்த்தார். தம்பி அலெக்சாண்டர் சான் ஃபிரான்சிஸ்கோ ஆபீஸைப் பார்த்தார். சொத்து பையன்களுக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். உயிலைப் பிரித்தார்கள். மொத்தச் சொத்தும் மனைவி ஜோன் பெயரில்!

அப்போ ஜேம்ஸுக்கு 37 வயசு. ஊரே முதலாளி என்று கும்பிடும் மனிதர். ஆனா, சட்டப்படி அம்மாவிடம் சம்பளம் வாங்கும் மேனேஜர். சுரங்கங்களைப் பையன்கள் பெயருக்கு மாற்றி வாங்க ஏறக்குறைய பத்து வருஷம் இழுத்தது. பெண்களுக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்று ஜோன் நினைத்தார். கல்யாண வயதில் மகள்கள், பெரிய இடத்து மருமகன்கள், கோட்டை வீட்டுச் செலவுகள் என்று அவர் பக்கத்திலும் கணக்கு இருந்தது. ஜேம்ஸுக்கோ, உழைப்பது ஒருவர், கையெழுத்து உரிமை இன்னொருவருக்கா என்ற கோபம்.

இதற்கு நடுவில் தம்பியின் கதை வேறு. அலெக்சாண்டர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோசஃபின் வாலஸ் என்ற பெண்ணோடு 20 வருஷம் போல வாழ்ந்தார். கல்யாணம் மட்டும் பண்ணிக்கொள்ளவில்லை. விஷயம் தெரிந்தால் அம்மா சொத்தில் கை வைத்துவிடுவாரோ என்ற பயம்! சுரங்கம் கைக்கு வந்த பிறகுதான், 1899 டிசம்பரில் கல்யாணம். மனைவிக்காக ஓக்லாந்தில் பிரமாண்டமான வீடும் கட்டினார். தேனிலவுக்காக நியூயார்க் போனார்கள். அங்கேயே, 1900 ஜனவரி 31 அன்று அலெக்சாண்டர் இறந்தார். பல வருஷக் குடி உடம்பைத் தின்றிருந்தது.

அவருடைய உயிலில் எழுதியிருந்த பெயர், அண்ணன் ஜேம்ஸ்.

முதலமைச்சர் மேல் அம்மா போட்ட கேஸ்

அதே 1900-ம் வருஷம் ஜூன் மாதம் ஜேம்ஸ் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரீமியர் ஆனார். அரசியலில் அவருக்குப் பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. மேடைப் பேச்சு வராது, கூட்டம் பிடிக்காது. ஆனா, அந்த நேரத்தில் மாகாணத்தில் ஆட்சிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்துகொண்டிருந்தன. தொழிலதிபர்களுக்கு நம்பிக்கையான ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

1901-ல் ஜோசஃபினும் இறந்தார். அவருடைய முதல் கல்யாணத்து மகள் எட்னா வாலஸ் ஹாப்பர், நியூயார்க் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த நடிகை. உயில் எழுதும்போது அலெக்சாண்டர் குடியால் சுயநினைவிலேயே இல்லை, அதனால் உயில் செல்லாது என்று ஜேம்ஸ் மேல் கேஸ் போட்டார். பத்திரிகைகளுக்குத் தீனி. இதில் ட்விஸ்ட் என்னன்னா, எட்னாவோடு சேர்ந்து இன்னொருவரும் ஜேம்ஸை எதிர்த்துக் கோர்ட்டுக்கு வந்தார். அவருடைய சொந்த அம்மா ஜோன்!

மாகாணத்தை ஆள்பவர் மேல் பெத்த தாயே வழக்கு. குடும்பக் கடிதங்கள், தம்பியின் குடிப்பழக்கம், யார் யாருக்கு என்ன சத்தியம் பண்ணினார்கள் என்பதெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறின. வழக்கு லண்டனின் பிரிவி கவுன்சில் வரை போய், 1906-ல் ஜேம்ஸ் பக்கம் முடிந்தது. கேஸ் ஜெயித்தது, உறவு தோற்றது. அம்மாவும் மகனும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

மண்ணுக்கு அடியில்...

குடும்பச் சண்டை மேலே நடந்துகொண்டிருக்க, பணம் வந்தது கீழேயிருந்து.

வான்கூவர் தீவின் நிலக்கரிச் சுரங்கங்கள் எரிவாயு கசியும் இடங்கள். காற்றோட்டம் சரியில்லாமல் வாயு தேங்கி நிற்க, ஒரு பொறி பட்டால் போதும். டன்ஸ்மியூர் குடும்பத்துச் சுரங்கங்களில் நடந்த மூன்று விபத்துகளை மட்டும் பாருங்கள்.

1888 ஜனவரி, வெலிங்டன்: 77 பேர் பலி.
1901 பிப்ரவரி, கம்பர்லாந்து: 64 பேர் பலி.
1909 அக்டோபர், எக்ஸ்டென்ஷன்: 32 பேர் பலி.

தேதிகளை இன்னொரு தடவை பாருங்க. 1901-ல் ஜேம்ஸ் பிரீமியர். 1909-ல் லெப்டினன்ட் கவர்னர். சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய இடத்திலும், பிறகு அந்தச் சட்டங்களில் கையெழுத்துப் போடும் இடத்திலும் உட்கார்ந்திருந்தது சுரங்கத்தின் முதலாளியே!

சங்கம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. 1903-ல் அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் முன்னால் போய், தன் சுரங்கத்தில் எந்தச் சங்கத்தையும் ஏற்க மாட்டேன், வேண்டுமானால் சுரங்கத்தையே மூடிவிடுவேன் என்று நேராகவே சொன்னார். எக்ஸ்டென்ஷன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களை, பல மைல் தள்ளிக் கடற்கரையில் தான் உருவாக்கிய லேடிஸ்மித் என்ற புது ஊருக்குக் குடிபோகச் சொன்னார். பலர் தங்கள் மர வீடுகளைப் பிரித்து, ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேலை வேண்டுமென்றால் வீட்டையும் தூக்கிக்கொண்டு வா என்பதுதான் கண்டிஷன்.

சங்கத்தை உடைக்க அவர் கையில் இன்னொரு வழியும் இருந்தது. சீன, ஜப்பானியத் தொழிலாளர்கள். வெள்ளைக்காரத் தொழிலாளி வாங்குவதில் பாதி அல்லது அதற்கும் குறைவான கூலிக்கு அவர்கள் கிடைத்தார்கள். வேலைநிறுத்தம் வந்தால் அந்த இடத்தை நிரப்பவும் அவர்களையே இறக்குவார்கள். கம்பர்லாந்தில் இறந்த 64 பேரில் அவர்கள்தான் அதிகம்.

சீனர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று மாகாண அரசு சட்டம் போட்டிருந்தது. டன்ஸ்மியூரின் யூனியன் நிலக்கரிக் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில், 1899-ல் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாதென்று சொன்னது. வெளிநாட்டவர் விஷயம் மத்திய அரசுடையது, மாகாணம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை மனசில் வெச்சுக்கோங்க.

கவர்னர் மாளிகையில் ஒரு சுரங்க முதலாளி

1902 நவம்பரில் பிரீமியர் பதவியை விட்டார் ஜேம்ஸ். 1905-ல் ரயில் கம்பெனியையும் மிச்ச நிலத்தையும் கனடியன் பசிபிக் ரயில்வேக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றார். இனி மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம் என்று நினைத்தவருக்கு, 1906 மே மாதம் ஒட்டாவாவிலிருந்து அழைப்பு. லெப்டினன்ட் கவர்னர் பதவி.

லெப்டினன்ட் கவர்னர் என்பவர் மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதி. தேர்தலில் ஜெயித்து வருபவர் இல்லை, ஒட்டாவா அரசு நியமிப்பவர். பெரும்பாலும் ரிப்பன் வெட்டுவதும் விருந்து கொடுப்பதும்தான் வேலை. லாரா விருந்துகளில் கில்லாடி. டன்ஸ்மியூர் வீட்டுப் பெண்களின் நடன விருந்துகள் விக்டோரியாவின் மேல்தட்டு முழுக்கப் பேசப்பட்டன. ஆனா, ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பதவிக்கு நிஜ அதிகாரம் உண்டு. சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதா அவர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம். அவர் தரவில்லை என்றால் அது வெறும் காகிதம்.

போடாத கையெழுத்து

1907 ஏப்ரல். பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்தில் வில்லியம் பவுசர் என்ற உறுப்பினர் கொண்டுவந்த குடியேற்ற மசோதா நிறைவேறியது. எல்லோரும் அதை 'நேட்டால் சட்டம்' என்றே அழைத்தார்கள்.

நேட்டால் இருப்பது தென்னாப்பிரிக்காவில். 1897-ல் அந்தக் காலனி தந்திரமான சட்டம் ஒன்றைப் போட்டது. எந்த இனத்தின் பெயரும் அதில் கிடையாது. உள்ளே வருபவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குறி வைத்தது இந்தியர்களை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வருபவர்களுக்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்காது. அப்படிப் போனவர்களில் மதராஸ் மாகாணத்துத் தமிழர்கள் ஏராளம். கூலியாக வரலாம், சுதந்திரமாக வந்து கடை போடக் கூடாது. இதுதான் அதன் சூட்சுமம். அதே டெக்னிக்கைத்தான் கனடாவின் மேற்குக் கரை சீனர், ஜப்பானியர், இந்தியர் மேல் பிரயோகிக்கப் பார்த்தது.

மசோதா ஜேம்ஸ் மேஜைக்கு வந்தது. அவர் ஒப்புதல் தரவில்லை.

ஒட்டாவாவுக்கு அவர் தெரிவித்த காரணம், இந்தச் சட்டம் வெளிநாட்டு உறவையும் மத்திய அரசின் நலனையும் பாதிக்கும் என்பது. அது உண்மைதான். ஜப்பான் அப்போது பிரிட்டனின் கூட்டாளி நாடு. கனடாவும் ஜப்பானோடு ஒப்பந்தத்தில் இருந்தது. 1899 தீர்ப்பும் அதே திசையைத்தான் காட்டியது. சட்டப்படி அவர் முடிவில் குறை சொல்ல முடியாது. மனிதாபிமானப்படியும், ஓர் இனவெறிச் சட்டம் நின்றுபோனது நல்லதுதானே?

ஆனா, ஊர் அப்படிப் பார்க்கலை. குறைந்த கூலிக்கு ஆசியத் தொழிலாளிகள் வந்துகொண்டே இருந்தால் யாருக்கு லாபம்? சுரங்க முதலாளிக்கு. சுரங்க முதலாளி யார்? கவர்னர். கணக்கு ரெண்டு வரியில் முடிஞ்சுபோச்சு. போதாததுக்கு, 1900-ல் அவர் பிரீமியராக இருந்தபோது இதே பாணியிலான சட்டத்தை அவர் அரசாங்கமே நிறைவேற்றியிருந்தது. ஒட்டாவாதான் அதை ரத்து செய்தது. ஓட்டு வேண்டிய நேரத்தில் ஒரு மாதிரி, வேலைக்கு ஆள் வேண்டிய நேரத்தில் இன்னொரு மாதிரி என்று யாராவது சொன்னால் அவரிடம் பதில் இருக்காது.

கொதித்துக்கொண்டிருந்த கோபம் செப்டம்பர் 7 அன்று வெடித்தது. ஆசியர்களைத் துரத்த வேண்டும் என்று ஆரம்பித்த சங்கம் ஒன்று வான்கூவரில் ஊர்வலம் நடத்தியது. நகர மன்றத்துக்கு வெளியே ஜேம்ஸின் கொடும்பாவி எரிந்தது. உள்ளே பேச்சாளர்கள் மேலும் எண்ணெய் ஊற்றினார்கள். பிறகு கூட்டம் சைனாடவுனுக்குள் புகுந்து கடை கடையாகக் கண்ணாடியை உடைத்தது. அடுத்து ஜப்பானியர் வாழ்ந்த பவல் தெரு. அங்கே குடியிருந்தவர்கள் கட்டையும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு திருப்பி அடித்து விரட்டினார்கள்.

கவனிச்சீங்களா? கோபம் கவர்னர் மேல். எரிந்தது அவருடைய பொம்மை மட்டும். உடைந்தது ஏழைகளின் கடை. கவர்னர் விக்டோரியாவில் பத்திரமாக இருந்தார்.

சேதத்தைக் கணக்கெடுக்க ஒட்டாவா அனுப்பிய அதிகாரி, பிற்காலத்தில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங். ஜப்பானியர்களுக்குச் சுமார் 9,000 டாலர், சீனர்களுக்குச் சுமார் 26,000 டாலர் நஷ்டஈடு என்று முடிவானது. அவருடைய விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. ஜப்பானியத் தொழிலாளர்களைத் தருவித்துத் தரும் ஒரு கம்பெனியோடு, ஜேம்ஸின் வெலிங்டன் நிலக்கரிக் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தது! சந்தேகப்பட்டவர்கள் கையில் ஆதாரமே கிடைத்துவிட்டது.

போட்ட கையெழுத்து

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. அதே 1907-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றம் இன்னொரு மசோதாவையும் நிறைவேற்றியது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மாகாணத் தேர்தலில் ஓட்டுரிமை கிடையாது என்பது அது. அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் சில ஆயிரம் பேர். பெரும்பாலும் பஞ்சாபி சீக்கியர்கள், பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. மரம் அறுக்கும் மில்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை பார்த்தார்கள்.

அந்த மசோதாவுக்கு ஜேம்ஸ் ஒப்புதல் தந்தார். அது சட்டமானது.

சட்டம் படித்தவர்கள் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வார்கள். குடியேற்றம் மத்திய அரசின் விஷயம், ஓட்டுரிமை மாகாணத்தின் விஷயம். சரிதான். ஆனா, விளைவைப் பாருங்க. ஒரு மசோதாவை நிறுத்தியதால் வேலைக்கு ஆட்கள் வரும் வழி திறந்தே இருந்தது. இன்னொன்றை ஏற்றதால் வந்த ஆட்களில் இந்தியர்களின் குரலும் அடைந்துபோனது. சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் ஏற்கெனவே ஓட்டு இல்லை. உழைப்பு வரலாம், உரிமை வரக் கூடாது. நேட்டால் கரும்புத் தோட்டத்தின் சூட்சுமம் வேறு வழியில் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

கலவரத்துக்குப் பிறகு அந்தத் திறந்த வழியும் அடைபட்டது. ஜப்பானிலிருந்து வருபவர்களுக்கு ஒட்டாவா வரம்பு வைத்தது. 1908-ல், சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேரடியாக வந்தால்தான் அனுமதி என்று விதி போட்டது. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லை. அந்த விதியைக் கேள்வி கேட்டு 1914-ல் 376 பேரோடு வந்த கோமகட்டா மாரு கப்பல் வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் ஓட்டுரிமை திரும்பக் கிடைத்தது 1947-ல். ஜப்பானியர்களுக்கு 1949-ல். ஒரு கையெழுத்தின் ஆயுள், 40 வருஷம்!

கோட்டை, கப்பல், காணாமல்போன மகன்

1908 அக்டோபரில் அம்மா ஜோன் இறந்தார். ஜேம்ஸ் இறுதிச் சடங்குக்கு வந்தார். பல வருஷங்களாகப் பேசாத அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கத்தான் அந்தக் கோர்ட், கேஸ், வக்கீல் எல்லாவற்றையும் தாண்டி வர முடிந்தது.

1909 டிசம்பரில் கவர்னர் பதவி முடிந்தது. 1910-ல் சுரங்கங்கள் மொத்தத்தையும் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு வில்லியம் மெக்கன்சி, டொனால்ட் மேன் என்ற ரயில் முதலாளிகளுக்கு விற்றார். இரண்டே வருஷத்தில் அந்தச் சுரங்கங்களில் தீவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அப்போது ஜேம்ஸ் கையில் அந்தத் தலைவலி இல்லை.

அவர் கையில் ஹாட்லி கோட்டை இருந்தது. சாமுவேல் மக்லூர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 40 அறைகள், கடலைப் பார்த்த தோட்டங்கள், ஐசாபுரோ கிஷிடா என்ற ஜப்பானியக் கலைஞர் அமைத்த பூங்கா. மண் வெட்டியதும் செடி பராமரித்ததும் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். இளைய மகள் டோலா, மனைவி லாரா இருவர் பெயரையும் சேர்த்து 'டோலாரா' என்று பெயர் வைத்த நீராவி உல்லாசக் கப்பலும் இருந்தது.

முதல் உலகப் போர் வந்தது. 'பாய்' என்று வீட்டில் செல்லமாக அழைக்கப்பட்ட மகன் ஜேம்ஸுக்கு அப்போது 21 வயசு. பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரும் அவசரத்தில் நியூயார்க்கிலிருந்து கப்பல் ஏறினான். கப்பலின் பெயர், லூசிடானியா. 1915 மே 7 அன்று அயர்லாந்து கரைக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. பாய் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஜேம்ஸ் இருட்டறையில் உட்கார்ந்து, வீடு திரும்பாத மகனைத் தேடும் ஒரு பாட்டை கிராமபோனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, ஊர் சொன்னதோ, அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. 1920 ஜூன் 6 அன்று கௌவிச்சன் ஆற்றங்கரையில் இருந்த மீன்பிடி வீட்டில் ஜேம்ஸ் இறந்தார். வயது 68.

மிச்சம் என்ன?

பணம் மூணாவது தலைமுறைக்குப் பெரிதாக மிஞ்சவில்லை. சூதாட்டம், விருந்து, பயணம் என்று கரைந்தது. லாரா 1937-ல் இறந்தார். மகள் கேத்லீன், இரண்டாம் உலகப் போரில் 1941-ல் லண்டன் கஃபே டி பாரி மேல் விழுந்த குண்டில் பலியானார். ஹாட்லி எஸ்டேட்டை 1940-ல் கனடா அரசு வாங்கியபோது கொடுத்த விலை வெறும் 75,000 டாலர். முதலில் ராணுவப் பயிற்சி, இப்போது ராயல் ரோட்ஸ் பல்கலைக்கழகம். அப்பா கட்டிய கிரெய்க்டாரக் கோட்டை டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மியூசியம்.

சுரங்கத்தில் இறந்தவர்களுக்கு என்ன மிஞ்சியது? 1887-ல் நனைமோவில் வேறொரு கம்பெனியின் சுரங்கத்தில் நடந்த விபத்தின் பலி பட்டியலில், வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் இருக்கும். சீனர்களுக்கு எண் மட்டும்தான். அந்தத் தீவின் சுரங்கங்கள் ஆசியத் தொழிலாளியை எப்படிப் பார்த்தன என்பதற்கு அந்த ஒரு காகிதம் போதும்.

ஜேம்ஸ் டன்ஸ்மியூரை வில்லன் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனா, 1907 ஏப்ரலில் அவர் செய்தது சரியான காரியம். அந்த மசோதா நிற்க வேண்டியதுதான். பிரச்னை, அதை நிறுத்திய கை. லாபம் யாருக்கு என்ற கேள்வி எழும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் நல்லதே செய்தாலும், அது நல்லதாகத் தெரியாது. அந்தச் சந்தேகத்துக்கான விலையைக் கவர்னர் கொடுக்கவில்லை. சைனாடவுன் கடைக்காரரும், பவல் தெருவில் கட்டையோடு நின்ற ஜப்பானியரும்தான் கொடுத்தார்கள்.

அடுத்த தடவை எக்ஸ்-மென் பார்க்கும்போது அந்த மாளிகை வந்தால், ஒரு நொடி பாஸ் பண்ணிப் பாருங்க. மத்தவங்களைவிட வேறா இருக்கிறதாலேயே ஒதுக்கப்படுற பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுக்குற ஸ்கூலா சினிமா அதைக் காட்டுது. நிஜத்தில் அதன் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால, ஓட்டு இல்லாம, சில நேரம் பேர்கூட இல்லாம மண்ணுக்கடியில் உழைச்ச மனுஷங்க இருக்காங்க.